குடிநோயிலிருந்து மீளத் துணை தேடுவோருக்கு: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியை நிறுத்த விரும்புகிறவர்களும் அவர்களுக்காகக் கவலைப்படும் குடும்பத்தினரும் பெங்களூருவில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தர முயன்றிருக்கிறேன். மருத்துவத்தைப் பற்றியும் சில இடங்களில் பேச வேண்டியிருக்கிறது. ஆனாலும் இங்கே முதன்மையான பொருள், குடித்து, அதனால் துன்பப்பட்டு, பின் நிறுத்திய ஒருவர் அதே நிலையில் உள்ள இன்னொருவருக்குத் தரும் துணைதான். மருத்துவமனை உடலைத் தெளிய வைத்து அனுப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து, சம்பளம் கையில் இருக்க, ஒயின் ஷாப்பைக் கடந்து வீட்டுக்கு வர வேண்டியவர் அவரேதான். அந்த மாலை நேரத்துக்குத் துணை இல்லாமல் போவதால்தான் நல்ல சிகிச்சை பெற்ற பலரும் மறுபடி விழுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

குடித்து மீண்ட ஒருவரின் பேச்சு, மருத்துவரின் ஆலோசனையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மருத்துவர் உங்கள் கல்லீரலை அறிவார். காலையில் கை நடுங்கும்போது முதல் கட்டிங்கைத் தேடி ஓடும் அவமானத்தை அந்த வழியில் போய்வந்தவர் அறிவார். குடிநோயாளி பெரும்பாலும் எல்லோரிடமும் எதையாவது மறைத்தே பழகியிருப்பார். மனைவியிடம் பணக் கணக்கையும், மருத்துவரிடம் குடித்த அளவையும், மேலாளரிடம் விடுப்புக்கான காரணத்தையும் மறைத்தவருக்கு, எதையும் மறைக்கத் தேவையில்லாத ஓர் ஆள் எதிரே அமர்வதே பெரிய ஆறுதல்.

இந்த வழி தொடங்கிய விதமே இதை விளக்குகிறது. 1935ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தமாக வந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வந்த காரியம் தோற்றுப்போன நிலையில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தபோது, விடுதியின் மதுக்கூடத்துக்குள் போய்விடுவோமோ என்று அஞ்சினார். தன்னைக் காத்துக்கொள்ள இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தோன்றவே, ஊரில் தெரியாதவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் பேசி, பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சென்றடைந்தார். கால் மணி நேரம் மட்டுமே பேச ஒப்புக்கொண்டிருந்த அந்த மருத்துவர், பல மணி நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10ஆம் தேதியே, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்ற அமைப்பு தோன்றிய நாளாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. உதவி செய்யப் போனவருக்கே அந்த உதவி முதலில் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். கூட்டத்துக்கு வரும் புதியவர் யாருக்கும் சுமையாவதில்லை. அவர் வருவதால் பழையவர்களின் உறுதியும் கூடுகிறது.

தினமும் குடிக்கிறேன். நாளைக் காலையே நிறுத்திவிட்டு மாலையில் கூட்டத்துக்குப் போகலாமா?

கூட்டத்துக்கு இன்று மாலையேகூடப் போகலாம். ஆனால், பல மாதங்களாகத் தினமும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்தக் கூடாது. இங்கே உள்ள பதில்களில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்களானால், அது இதுவாக இருக்கட்டும்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரங்களில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை ஆகியவை தொடங்கும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு இடம், நேரம், ஆள் தெரியாத குழப்பமும், இல்லாத உருவங்களைக் காண்பதும், காய்ச்சலும் சேர்ந்து வரும். இந்த நிலை உயிரைப் பறிக்கக் கூடியது. வீட்டில் இதைப் பேய் பிடித்ததாகவோ, நிறுத்தியதால் புத்தி கலங்கியதாகவோ நினைத்துக் கட்டிப்போடுவதும், மறுபடி குடிக்கக் கொடுத்து அடக்குவதும் நடக்கின்றன. அது மருத்துவ அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களும், வயதானவர்களும், மஞ்சள் காமாலையோ இதய நோயோ உள்ளவர்களும் கட்டாயம் மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

பெங்களூருவில் ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனி மையம் இயங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட அங்கே நோயாளிகள் வருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளையும் அணுகலாம். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரைகளைக் குறிப்பிட்ட சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் எனப்படும் பி1 சத்தும் தருவார்கள். அந்த மாத்திரைகளே பழக்கமாகிவிடக் கூடியவை என்பதால், மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

தமிழில் பேசும் கூட்டங்கள் பெங்களூருவில் உண்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உண்டு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டிலிருந்து ஏ.ஏ. இயங்கிவருகிறது. பெங்களூருவில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் கூட்டங்கள் நடக்கின்றன. ஏ.ஏ.வின் இந்தியக் கிளை வெளியிடும் கூட்டப் பட்டியலில் கிழமை, நேரம், இடம், மொழி எல்லாம் இருக்கும், அதில் தரப்பட்டுள்ள உதவி எண்ணை அழைத்து, "தமிழ் மீட்டிங் எங்கள் பக்கத்தில் எங்கே நடக்கிறது?" என்று கேட்டாலே போதும். எண்ணை எடுப்பவரும் ஒரு காலத்தில் குடித்தவராகவே இருப்பார். பல நேரங்களில் முதல் நாள் கூடவே அழைத்துப்போக ஆள் வரும். நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் லிங்கராஜபுரத்திலும் பிறந்து வளர்ந்த தமிழர்கள் கடையில் கன்னடமும், நண்பர்களிடம் உருதுவும் இந்தியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் சரளமாகப் பேசுகிறார்கள். ஆகவே எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் காதில் விழுவது புரியும். ஆனால், குழந்தையின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்ததையோ, அம்மாவின் காரியத்தன்றுகூட நிதானமில்லாமல் நின்றதையோ சொல்ல வேண்டிய இடத்தில், கற்றுக்கொண்ட மொழி நாகரிகமான வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டில் பேசும் தமிழில் சொன்னால்தான் உள்ளே இருப்பது வெளியே வருகிறது. எனவே, வாரத்தில் ஒரு நாளாவது தமிழ்க் கூட்டத்துக்குப் போக வழி செய்துகொள்ளுங்கள். பக்கத்தில் தமிழ்க் கூட்டம் இல்லை என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். கன்னடக் கூட்டத்தில் தமிழில் பேசினால் யாரும் தடுக்க மாட்டார்கள். இந்த ஊரில் இரண்டு மொழியும் புரியாதவர் குறைவு.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர்களுக்கு வார நாள் கூட்டம் கைக்கூடுவது கடினம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றையும், இடையில் ஒரு தொலைபேசி நண்பரையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கூட்டத்தில் என்ன நடக்கும்? பேசியே ஆக வேண்டுமா?

பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். தலைமை ஏற்பவர் ஒரு சிறு முன்னுரையைப் படிப்பார். மன அமைதிக்கான பிரார்த்தனையைச் சேர்ந்து சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தாம் எப்படிக் குடித்தோம், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறோம் என்று சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்ததும் அறிவுரை சொல்வதும் இல்லை. முதல் முறை வருகிறவருக்கு இது விசித்திரமாக இருக்கும். தம் குறையை ஒருவர் சொன்னால் நாலு பேர் தீர்ப்புச் சொல்லும் குடும்பப் பஞ்சாயத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, யாரும் தீர்ப்புச் சொல்லாத ஓர் அறை புதிதுதான். முடிவில் டீ குடித்துக்கொண்டே நிற்கும் நேரத்தை விட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அங்கேதான் பேசத் தொடங்குகிறார்கள். தொலைபேசி எண்களும் அங்கேதான் கைமாறுகின்றன.

சேருவதற்கான ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். குடித்துவிட்டு வந்தால்கூடப் பெரும்பாலான கூட்டங்களில் அமைதியாக உட்கார அனுமதிப்பார்கள்.

அங்கே தெரிந்தவர்கள் யாராவது இருந்துவிட்டால்?

அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். அங்கே யாரைப் பார்த்தோம், யார் என்ன சொன்னார் என்பதை வெளியே சொல்வதில்லை என்பது ஏ.ஏ.வின் அடிப்படை மரபு. வருகைப் பதிவேடு கிடையாது. முழுப் பெயர், முகவரி, வேலை எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரே தெருவில் அத்தையும் சித்தப்பாவும் வாழும் பகுதிகளில் இந்த அச்சம் நியாயமானது என்பதால், முதல் சில வாரங்கள் வீட்டிலிருந்து தள்ளியுள்ள கூட்டத்துக்குப் போகலாம். ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்: நீங்கள் குடித்தது தெருவுக்குத் தெரியாமல் இல்லை. நிறுத்த முயல்வது தெரிந்துவிடுமே என்பதற்காக அந்த முயற்சியைக் கைவிட வேண்டாம்.

கூட்டம் தேவாலய வளாகத்தில் நடக்கிறது. மதம் மாற்றுவார்களா? எனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லையென்றால்?

மதம் மாற்ற மாட்டார்கள். தேவாலயங்களும் பள்ளிகளும் குறைந்த வாடகைக்கு அறை தருகின்றன என்பதுதான் காரணம். ஏ.ஏ. எந்த மதத்தோடும் கட்சியோடும் மருத்துவமனையோடும் இணைந்ததல்ல.

கடவுள் நம்பிக்கையைப் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில் தேவை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துத் தரும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, பிரார்த்தனையும் உண்டு. அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விளக்கமும் அதோடு சேர்ந்தே வருகிறது. பகுத்தறிவு மரபில் வளர்ந்த தமிழர் பலருக்கு இது தொண்டையில் சிக்குகிறது. தம்மைவிடப் பெரிய சக்தியாக அந்தக் கூட்டத்தையே எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் நாத்திகர்கள் உண்டு. தனியாக என்னால் முடியவில்லை, இந்தப் பத்துப் பேர் சேர்ந்தால் முடிகிறது என்பதை ஏற்க நம்பிக்கை தேவையில்லை. கண்ணால் காண்பதே போதும். அதுவும் ஒத்துவரவில்லையென்றால், சமயச் சாயல் இல்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்ட ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பின் கூட்டங்களில் இணையவழியாகச் சேரலாம். அதற்கு ஆங்கிலம் தெரிந்திருப்பது உதவும்.

மாலை போட்டால் 48 நாள் குடிப்பதில்லை. கோயிலில் கயிறு கட்டினாலும் நிறுத்திவிடுகிறார். அது போதாதா?

விரத நாட்களில் அவர் குடிக்காமல் இருப்பது நடிப்பு அல்ல. அது அவரால் முடியும் என்பதற்குச் சான்று. அந்த நாட்களில் என்னென்ன சேர்ந்து நடக்கின்றன என்று பாருங்கள். அதிகாலையில் குளியல், நாளில் இருவேளை வழிபாடு, ஒரே உடையில் கூட வரும் குழு, வழிகாட்டும் குருசாமி, சாமி என்று மரியாதையோடு அழைக்கும் தெரு, மாலையானால் போய் உட்கார ஒரு பஜனை. மாலையைக் கழற்றிய அன்று இவை எல்லாமே ஒரே நாளில் இல்லாமல் போகின்றன. பழைய நண்பர்களும் பழைய மாலை நேரமும் மட்டும் அப்படியே காத்திருக்கின்றன.

சகதுணைக் கூட்டம் தருவது அந்த விரதச் சூழலின் ஒரு பகுதியைத்தான். ஆனால் அதற்கு முடிவு தேதி கிடையாது. எனவே பக்தியைக் குறை சொல்லாதீர்கள். மாலை போட்டிருக்கும் காலத்திலேயே அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். உடல் தெளிவாகவும் மனம் மென்மையாகவும் இருக்கும் அந்த வாரங்களைவிட நல்ல நேரம் அமைவது அரிது. கயிறு கட்டுவதற்கும் சத்தியம் வாங்குவதற்கும் இதே பதில்தான் என்றாலும், ஓர் எச்சரிக்கை: தினமும் குடிப்பவரை மாலை போட வைப்பதும் திடீர் நிறுத்தமே. மேலே சொன்ன வலிப்பு அபாயம் அங்கேயும் உண்டு.

எவ்வளவு செலவாகும்?

கட்டணம் இல்லை. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியாரிடமிருந்து நன்கொடை பெறுவதில்லை என்பது ஏ.ஏ.வின் மரபு. ஏ.ஏ.வின் பெயரைச் சொல்லி யாராவது சேர்க்கைக் கட்டணம் கேட்டால், அது ஏ.ஏ. அல்ல.

ஸ்பான்சர் என்பவர் யார்? எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்களுக்கு முன்பே குடியை நிறுத்தி, 12 படிகளையும் கடந்து வந்து, உங்களுக்கு அந்த வழியில் கைகொடுக்கும் ஒரு மூத்த உறுப்பினர்தான் ஸ்பான்சர். அவர் சம்பளம் வாங்குவதில்லை. மருத்துவரும் அல்ல, ஜாமீன்தாரரும் அல்ல. ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் இருப்பது நலம். நன்றாகப் பேசுகிறவரைத் தேடுவதைவிட, குடிக்காமல் பல தீபாவளிகளைக் கடந்தவரையும், வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் நிம்மதியாக இருப்பவரையும் தேடுங்கள். அண்ணா என்று தயக்கமின்றி அழைக்க முடிகிற ஒருவரை இரவு பதினொரு மணிக்கும் அழைக்க முடியும். அந்த ஒன்றுதான் உங்களுக்கு வேண்டியது.

குடிக்கத் தோன்றினால் குடித்த பிறகு அழைக்காமல், குடிப்பதற்கு முன் அழைக்க வேண்டும். தாங்க முடியாததாகத் தோன்றும் அந்த வேட்கை பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை பேச்சில் பிடித்து வைத்திருக்க ஒரு குரல் வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் சேரும் நேரத்தில் வேட்கை மிகுதியாகும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்வார்கள். சாப்பிட்டீர்களா என்பதுதான் பெரும்பாலும் ஸ்பான்சரின் முதல் கேள்வியாக இருக்கும்.

கடன் கேட்பதும், தொழிலில் கூட்டுச் சேர்வதும், சீட்டுப் பிடிப்பதும் இந்த உறவுக்குள் வரக் கூடாது. வந்தால் மென்மையாக விலகி வேறு ஸ்பான்சரைத் தேடிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார் ஒரு நண்பர். கேட்கலாமா?

கேட்கக் கூடாது. மருந்தைப் பற்றி முடிவு செய்பவர் மருத்துவர் மட்டுமே, ஏ.ஏ. அமைப்பும் மருத்துவ அறிவுரை தருவதில்லை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்க உதவுகின்றன. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நண்பரின் பேச்சைக் கேட்டு நிறுத்துவது மிகவும் ஆபத்தானது.

இதோடு சேர்த்து இன்னொன்று. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று சுவரொட்டிகளிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் பொடிகளும் சொட்டு மருந்துகளும் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்காதீர்கள். குடிப்பதைத் தடுக்க மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்தையும் இப்படித் தெரியாமல் கொடுக்கக் கூடாது. அது உடலில் இருக்கும்போது ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த விளைவு நீடிக்கும். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்ளும்போதுதான் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் அது நஞ்சாகிவிடக் கூடும். உண்மை வெளிப்படும் நாளில் மனைவி சமைத்த சோற்றையே அவர் சந்தேகிக்கத் தொடங்குவார். அந்த நம்பிக்கை திரும்ப வெகு காலமாகும்.

பெண்கள் போகலாமா?

போகலாம், பெண்களுக்கென்று தனியாக நடக்கும் கூட்டங்களும் உள்ளன. இணையவழியில் அவை கூடுதலாகக் கிடைக்கின்றன. குடிக்கும் பெண்ணை ஆணைவிடக் கடுமையாகத் தூற்றும் சமூகத்தில், வீட்டுக் கதவுக்குள்ளேயே நோய் முற்றுவதுதான் நடக்கிறது. ஆணைவிடக் குறைந்த அளவு குடித்தாலும், குறைந்த காலத்திலேயே பெண்ணின் கல்லீரல் பாதிக்கப்படுகிறது என்பதால் தாமதம் கூடாது. முதல் முறை பொதுக் கூட்டத்துக்குப் போவதாக இருந்தால், உதவி எண்ணை முன்பே அழைத்து, வேறு பெண் உறுப்பினர் யாராவது வருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண் உறுப்பினர் தனியாகச் சந்திக்க அழைத்தால் மறுத்துவிடலாம். அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

என் கணவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுக்கிறார். நான் என்ன செய்வது?

நீங்கள் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காகவே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெங்களூருவிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கணவர் குடித்துக்கொண்டிருந்தாலும் நிறுத்தியிருந்தாலும் நீங்கள் போகலாம். தாயும், தந்தையும், அக்காவும், மகனும் போகலாம்.

குடிக்கும் வீட்டில் பெண்ணின் நாள் முழுவதும் அவரைச் சுற்றியே போகிறது. பாட்டிலைத் தேடிக் கொட்டுவது, சட்டைப் பையைப் பார்ப்பது, அலுவலகத்துக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்வது, நகையை அடகு வைத்துக் கடனை அடைப்பது, உறவினர் வந்தால் சிரித்துச் சமாளிப்பது. இத்தனையும் அன்பினால் செய்யப்படுகின்றன என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனாலும் குடியின் விளைவுகள் அவர் மேல் படாமல் தடுப்பதால், நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வரும் நாள் தள்ளிப்போகிறது. எதைச் செய்வதை நிறுத்தலாம், எதைத் தொடரலாம் என்பதைத் தனியாக யோசித்து முடிவெடுப்பது கடினம். அதே வாழ்க்கையை வாழ்ந்த இன்னொரு அம்மா, "நான் அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்தினேன், சாப்பாடு போடுவதை நிறுத்தவில்லை" என்று சொல்லும்போது வழி தெரிகிறது.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பொறுமையான அணுகுமுறை முதல் பதில் அல்ல. அங்கே உங்கள் பாதுகாப்பும் பிள்ளைகளின் பாதுகாப்பும்தான் முதலில். அவசரத்துக்கு 112 எண்ணையும், பெண்களுக்கான உதவிக்கு 181 எண்ணையும் அழையுங்கள். குடிநோய் என்பது வன்முறைக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது.

அவரிடம் பேசுவதாக இருந்தால் குடித்திருக்கும் இரவில் வேண்டாம். தெளிந்திருக்கும் காலையில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், ஒரே ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுச் சுருக்கமாகப் பேசுங்கள்.

பிள்ளைகளுக்கு?

பதின்பருவத்தினருக்கு அல்-அட்டீன் என்ற கிளை உண்டு. கூட்டம் கிடைக்காவிட்டாலும், அப்பா குடிப்பது உன் தவறால் அல்ல என்று யாராவது ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிடலாமா? சிலவற்றைப் பற்றிக் கேள்விப்படுவது அச்சமாக இருக்கிறதே?

நல்லவை உண்டு, அச்சத்துக்குக் காரணமானவையும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கம் தொடர்பான மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. அத்தகையோரை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. எனவே சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மருத்துவர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறார், முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் என்ன செய்வார்கள், குடும்பத்தினர் எப்போது பார்க்கலாம், தொலைபேசியில் பேசலாமா என்று கேளுங்கள். பல மாதங்கள் பார்க்கவே கூடாது என்பவர்களையும், இரவில் வேனில் ஆட்களை அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்பவர்களையும் நம்பி ஒப்படைக்காதீர்கள்.

குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் இடமா என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்த வகையில் பலருக்கு முன்மாதிரியாக இருந்திருக்கிறது. சென்னையில் உறவினர் உள்ள பெங்களூருக் குடும்பங்கள் அதையும் எண்ணிப் பார்க்கலாம். எங்கே சேர்த்தாலும், வெளியே வரும் நாளுக்கு முன்பே எந்தக் கிழமை, எந்தக் கூட்டம், யார் அழைத்துப்போவது என்று முடிவு செய்து வையுங்கள்.

ஷிப்ட் வேலை. மாலைக் கூட்டத்துக்குப் போக முடியாது.

இணையவழிக் கூட்டங்கள் நாளின் எந்த நேரத்திலும் நடக்கின்றன; தமிழ்நாட்டு உறுப்பினர்கள் நடத்தும் தமிழ்க் கூட்டங்களிலும் பெங்களூருவிலிருந்தே சேரலாம். முகத்தைக் காட்டாமல் கேட்க மட்டும் செய்யலாம். ஆனால் நேரில் போவதற்கு முழுமையான மாற்றாக இதைக் கொள்ள வேண்டாம். திரைக்குப் பின்னால் குடித்துக்கொண்டே கேட்பவர்களும் உண்டு. பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு மட்டுமே வாசனை தெரியும்.

மூன்று மாதம் நிறுத்தியிருந்து மறுபடி குடித்துவிட்டேன். திரும்பிப் போக வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கே போங்கள். குடிநோய் சர்க்கரை நோயைப் போல நீண்ட காலம் தொடர்வது. சர்க்கரை ஏறிவிட்டால் மருத்துவரைப் பார்க்க வெட்கப்படுவதில்லை அல்லவா? அந்த அறையில் உள்ளவர்களில் ஒரே முயற்சியில் நிறுத்தியவர்கள் சிலரே. உங்களைப் பார்த்ததும் அவர்களுக்கு வரும் முதல் உணர்வு நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த மூன்று மாதங்கள் வீணாகிவிடவில்லை. எந்த நாளில், யாரோடு, எந்த மனநிலையில் முதல் பெக்கை எடுத்தீர்கள் என்பதை ஸ்பான்சரோடு உட்கார்ந்து பாருங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், மறுபடி நிறுத்துவதற்கும் மருத்துவர் தேவை.

குடித்துவிட்ட குற்றவுணர்வில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் தனியாக இருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை, தமிழ் உட்படப் பல மொழிகளில், இரவும் பகலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது. போதை மீட்புக்கென மத்திய அரசு நடத்தும் உதவி எண் 14446.

ஊருக்குப் போனால் மாமன் மச்சான்களோடு குடிக்காமல் வர முடிவதில்லையே?

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் துக்கத்துக்கும் ஊர் போய்த்தான் ஆக வேண்டும். முதல் ஓராண்டில், தவிர்க்கக் கூடியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாதவற்றுக்குச் சடங்கு நேரத்துக்குப் போய், இரவு தங்காமல் கடைசிப் பேருந்தில் திரும்பிவிடுங்கள். "டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்ற ஒரு வரி போதும்; முழுக் கதையும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும், அக்காவிடமோ மைத்துனரிடமோ, முன்கூட்டியே உண்மையைச் சொல்லி வைத்தால், கையில் கிளாசைத் திணிக்கும் நேரத்தில் அவர் குறுக்கே வந்து நிற்பார். கிருஷ்ணகிரியிலோ வேலூரிலோ திருவண்ணாமலையிலோ இரண்டு நாள் தங்க நேர்ந்தால், அங்கே நடக்கும் கூட்டத்தைப் போவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை ஒப்பிட்டது. முறையான பயிற்சியோடு ஒருவரை ஏ.ஏ.வில் இணைக்கும் சிகிச்சை, முற்றாகக் குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, மற்ற உளவியல் சிகிச்சைகளுக்கு நிகராகவோ அவற்றைவிட மேலாகவோ பலன் தருகிறது என்று அது முடிவு கூறியது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே தேவைக்கும் உதவிக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பார்த்தால், கட்டணமில்லாத இந்த வழியைப் புறக்கணிக்க நமக்கு வசதி இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சைக்கான தேசிய மையம் நடத்தி 2019ஆம் ஆண்டு வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

எத்தனை காலம் போக வேண்டும்?

முதல் 90 நாட்களில் 90 கூட்டங்கள் என்று பழைய உறுப்பினர்கள் சொல்வார்கள். வேலையும் போக்குவரத்து நெரிசலும் உள்ள பெங்களூருவில் அது எல்லோருக்கும் இயலாது. நேரில் சில, இணையத்தில் சில, மீதி நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்பு என்று கலந்து, எந்த நாளும் வெறுமையாகப் போகாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குப் பிறகு வாரம் ஒன்றோ இரண்டோ போதும் என்று பலர் நிலைகொள்கிறார்கள். அதற்கு மேலும் ஆண்டுக்கணக்கில் வருகிறவர்கள் புதிதாக வருகிறவருக்கு நாற்காலி எடுத்துப் போடவும், டீ போடவும், உதவி எண்ணை எடுத்துப் பேசவும் வருகிறார்கள். இன்று மாலை நீங்கள் அழைத்தால் எடுத்துப் பேசப்போவது அவர்களில் ஒருவர்தான்.